கோவில் பாட்டும் வீட்டுப் பாட்டும்



வருஷந்தோறும் நவம்பர் 22-ந் தேதி அர்ச்சியசிஷ்ட செசிலியம்மாளின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. பாடுகிறவர்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் அவளே பாதுகாவலி. சித்திரக்காரர்கள் அவள் பக்கத்தில் ஒரு ஆர்கனை வைத்தே படம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவளைப் பற்றிய பழைய சரித்திரத்தைப் பார்த்தால், அவள் எந்த வாத்தியத்தையும் வாசித்ததாக அதில் இல்லை. அவளுடைய கலியாண நாளில் வீடு நிறைய வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்க, அவள் தன் இருதயத்துக்குள் ஆண்டவர் ஒருவருக்கே பாடிக்கொண்டிருந்தாள் என்றுதான் அது சொல்லுகிறது.

கலியாண வாத்தியம் கோவில் பாட்டு அல்ல. ஆயினும் அவள் காதைப் பொத்திக்கொண்டு மணவீட்டை விட்டு ஓடவில்லை. அந்தச் சத்தத்தில் தன் மனதைப் பறிகொடுக்கவும் இல்லை. காது ஒன்றைக் கேட்டது. இருதயம் தன் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தது. சங்கீதத்துக்கு இப்படிப்பட்ட ஒருத்தியைத் திருச்சபை பாதுகாவலியாக வைத்திருப்பதில் நமக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ஏனெனில் இந்தப் பாட்டு விஷயமாக நமது பங்குக் குடும்பங்களில் கேள்விகள் பல. "சினிமாப் பாட்டுக் கேட்பது பாவமா?" என்று ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். "மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பலாமா? அங்கே சொல்லிக்கொடுப்பதெல்லாம் அவர்கள் தெய்வங்களின் பேரிலல்லவா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். "மக்கள் வாயில் எளிதில் நுழைகிற சினிமா மெட்டில் மாதா பாட்டுப் பாடினால் என்ன குறை?" என்பது வாலிபர்களின் கேள்வி. "கோவிலுக்குள்ளே பறை எதற்கு?" என்பது சில பெரியவர்களின் முணுமுணுப்பு. இவை எல்லாவற்றுக்கும் ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் தீருகிற விஷயமல்ல இது.

இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி ஒன்றுதான். இதிலே ஒரு தவறு செய்தவன் நான்.

நாற்பது வருஷங்களுக்கு முன், கடற்கரையோரத்திலுள்ள ஒரு பங்கில் பாடகர் குழுவை நடத்தி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்னே பாட்டு மேடைக்குப் படியேறுகையில், மேலே ஆர்மோனியச் சத்தம் கேட்டது. பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கிற பையன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயதிருக்கும். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஊர்க் கொட்டகையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்தின் காதல் பாட்டு அது. ஒரு சுரம் தப்பாமல் வாசித்தான். கீழே பெஞ்சிகளில் இருந்த வாலிபர் இரண்டு மூன்று பேர் மெட்டை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆர்மோனியத்தைப் படாரென்று மூடி, கோவிலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாக, "டே, இது கோவிலா, கொட்டகையா?" என்று சத்தம் போட்டேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்: "ஐயா, எனக்கு இது ஒண்ணுதானே தெரியும். வேறே யாரு சொல்லிக் குடுத்தா?"

எதிர்த்துப் பேசுகிறானே என்று அவனைக் கீழே போகச் சொல்லிவிட்டேன். அவன் இறங்கினான். பிறகு அந்தப் படிகளில் அவன் ஏறவேயில்லை. சில வருஷங்களில் கலியாண ஊர்வலங்களுக்கு வாசிக்கிற ஒரு பாண்டு கோஷ்டியில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். திருநாளைக்குக் கோவிலுக்கு வந்தாலும் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவானாம். வெகு காலம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். மரியாதையாக நாற்காலி போட்டு, காப்பி வாங்கிவரச் சொன்னான். அந்தப் பழைய பேச்சை அவன் எடுக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

நான் அன்று காத்த நியமம் சரியானது. காத்த விதம் அன்பில்லாதது. அவன் கேட்ட கேள்விக்கோ என்னிடம் பதிலே இல்லை. அந்தப் பதிலைத்தான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சங்கீதம் யார் கொடுத்தது?

முதலாவது, சங்கீதம் பசாசின் கண்டுபிடிப்பு அல்ல. அது சர்வேசுரன் மனிதனுக்குக் கொடுத்த நன்கொடைகளில் ஒன்று. தாவீது சுரமண்டலம் வாசித்தபோது சவுல் இராசாவின் மனக்கலக்கம் தணிந்தது என்று வேதாகமம் சொல்லுகிறது. அர்ச். சின்னப்பரும் சீலாவும் பிலிப்பி நகரத்துச் சிறையில், முதுகில் அடிபட்ட காயத்தோடும், காலில் தொழுமரத்தோடும், நடுச்சாமத்தில் கடவுளைப் பாடித் துதித்தார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நமது ஆண்டவரும் கடைசி இராப்போசனம் முடிந்து, பாடுபடப் போகிற அந்த இரவிலே, சீஷர்களோடு துதிப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டார். அந்த வாயிலிருந்து பாட்டு வந்திருக்கிறது என்பதே, பாட்டை இழிவாக எண்ணாதிருக்க நமக்குப் போதும்.

வேதத்திலே வருகிற பாட்டெல்லாம் தேவாலயப் பாட்டும் அல்ல. திராட்சைக் கனி பறிக்கிறவர்கள் பாடினார்கள். கலியாண வீட்டார் பாடினார்கள். சாவு வீட்டில் குழல் ஊதினார்கள். தெருவிலே கலியாண விளையாட்டும் இழவு விளையாட்டும் விளையாடுகிற பிள்ளைகளின் குழலையும் ஒப்பாரியையும் சேசுநாதர் கவனித்து, தம் போதகத்தில் உவமையாக எடுத்து வைத்திருக்கிறார்.

கோவிலுக்குள் ஏன் இத்தனை கண்டிப்பு?

அப்படியானால் எல்லாப் பாட்டையும் கோவிலுக்குள் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். இங்கே அர்ச். அகுஸ்தினார் நமக்கு நல்ல துணை. 386-ம் வருஷம் மிலான் நகரத்தில், மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியாரிடமிருந்து ஒரு தேவாலயத்தைப் பறித்து ஆரியப் பதிதருக்குக் கொடுக்கும்படி அரச குடும்பத்தார் நெருக்கினார்கள். விசுவாசிகள் தங்கள் மேய்ப்பரோடு சாகத் துணிந்து கோவிலுக்குள்ளேயே இரவும் பகலும் காத்துக்கிடந்தார்கள். அவர்கள் சோர்ந்துபோகாதிருக்கும்படி, கீழைத் திருச்சபையின் வழக்கத்தைப் பின்பற்றி ஞானப்பாட்டுகளையும் சங்கீதங்களையும் எல்லாரும் சேர்ந்து பாட அம்புரோசியார் ஏற்பாடு செய்தார். மறு வருஷம் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தினார், அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கண்ணீர் விட்டதாகத் தாமே எழுதிவைத்திருக்கிறார்.

அப்படி அழுத அதே அகுஸ்தினார், பின்னாலே மேற்றிராணியாரான பிறகு தம்மை ஆத்தும சோதனை செய்கையில், பாட்டின் பொருளைவிடப் பாடுகிற குரல் தம்மை அதிகமாக இழுக்கிற நேரங்களும் உண்டென்றும், அது தமக்குக் குற்றம் என்றும் ஒத்துக்கொள்ளுகிறார். கோவிலில் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறார். முடிவில், பலவீனமுள்ள மனம் பாட்டின் இனிமையைப் பிடித்துக்கொண்டு பக்திக்கு ஏறக்கூடும் என்பதால், பாட்டு இருக்கட்டும் என்கிறார். அந்தக் கவலையையும் அந்த முடிவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நமக்கு வழி தெரியும். கோவிலிலே பாட்டு ஒரு ஏணி. ஏறுவதற்காக வைத்த ஏணியின் அழகைப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டால், ஏணி வைத்ததன் பயன் என்ன?

திருச்சபையின் சட்டங்களெல்லாம் இந்த ஒரு கவலையிலிருந்தே பிறந்தவை. 1562-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், சிற்றின்ப நினைவையோ அசுத்தத்தையோ கலக்கிற சங்கீதத்தைக் கோவில்களிலிருந்து விலக்கும்படி கட்டளையிட்டது. அர்ச். பத்தாம் பத்திநாதர் பாப்பரசராகி நாலு மாதம் ஆகுமுன்னே, 1903-ம் வருஷம் இதே செசிலியம்மாள் திருநாளன்று, கோவில் சங்கீதத்தைப் பற்றி ஒரு கட்டளை பிறப்பித்தார். அக்காலத்தில் இத்தாலி தேசத்துக் கோவில்களில் நாடகக் கொட்டகைப் பாணியில் பாடுவது பரவியிருந்தது. கோவில் சங்கீதத்துக்குப் பரிசுத்தம் வேண்டும், உண்மையான கலையழகு வேண்டும், எந்த நாட்டாரும் கேட்டால் நல்லதென்று உணரத்தக்க பொதுமை வேண்டும் என்று மூன்று இலட்சணங்களை அவர் குறித்தார். பியானோவையும், முரசு, கைத்தாளம் முதலிய இரைச்சல் வாத்தியங்களையும் கோவிலுக்குள் விலக்கினார். பாட்டை நீட்டிக்கொண்டு, பீடத்தில் குருவானவரைக் காக்கவைப்பதையும் கண்டித்தார். பூசைக்குப் பாட்டு ஊழியஞ் செய்யவேண்டுமேயல்லாமல், பாட்டுக்காகப் பூசை காத்துநிற்கலாகாது என்பது அவர் கருத்து.

அறுபது வருஷங்களுக்குப் பின், 1963 டிசம்பர் 4-ந் தேதி, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. கிரகோரியன் சங்கீதத்துக்குரிய முதலிடத்தையும், குழல் ஆர்கனுக்குரிய மரியாதையையும் அது காப்பாற்றியது. அதோடுகூட, வேதபோதக நாடுகளில் அந்தந்த மக்களுக்குச் சொந்தமான இசை மரபுக்கு ஏற்ற மதிப்பும் இடமும் கொடுக்கவேண்டுமென்றும், தகுதியான மற்ற வாத்தியங்களை அதிகாரமுள்ளவர்களின் சம்மதத்தோடு உபயோகிக்கலாமென்றும் கூறியது. பரிசுத்த செயலோடு எவ்வளவு நெருங்கி இணைகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சங்கீதம் பரிசுத்தமானது என்பது அதன் அளவுகோல். 1903-ம் வருஷக் கட்டளையின் நூறாவது ஆண்டில், 2003 நவம்பர் 22-ந் தேதி, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இவைகளையெல்லாம் மீண்டும் எடுத்துரைத்து, எல்லாவிதச் சங்கீதமும் வழிபாட்டுக்குப் பொருந்தாது என்று நினைவூட்டினார். சட்டத்தின் உடை மாறலாம். உள்ளே இருக்கிற கவலை மாறவில்லை.

மெட்டுக்குப் பாவம் உண்டா?

இனிச் சினிமா மெட்டுக்கு வருவோம். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானிய இசைப்புலவர் 1601-ல் ஒரு காதல் பாட்டை வெளியிட்டார். ஒரு பெண்ணின் நினைவால் மனங்கலங்கியவன் பாடுகிற பாட்டு. சில வருஷங்களில் அதே மெட்டு ஒரு ஞானப்பாட்டுக்கு வந்தது. 1656-ல் பவுல் கெர்ஹார்ட் என்பவர், முள்முடி தரித்த ஆண்டவரின் திருச்சிரசை நோக்கிப் பாடும் பாட்டை அந்த மெட்டிலே அமைத்தார். பாஹ் என்னும் இசை மேதை தமது மத்தேயு பாடுகளின் இசைநாடகத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கையாண்டார். இன்று தபசுகாலத்தில் அதைக் கேட்டு உருகுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் பிறப்பிடம் தெரியும்?

ஆகவே மெட்டுக்குப் பாவமில்லை. பாவமோ புண்ணியமோ அதைக் கேட்கிற மனிதனின் நினைவிலே இருக்கிறது. ஒரு மெட்டைக் கேட்டவுடன் திரையிலே ஆடின ஆட்டம் சபையாரின் கண்முன் வந்து நிற்குமானால், அதன்மேல் மாதாவின் திருநாமத்தை ஏற்றி வைப்பதில் பயனில்லை. வாய் "வாழ்க மரியே" என்னும், மனம் கொட்டகைக்குப் போய்விடும். அந்த நினைவு செத்துப்போன மெட்டானால் விஷயம் வேறு. அப்படியிருக்க, இந்தக் கடனுக்கு நாம் போகவேண்டிய அவசியந்தான் என்ன? கீர்த்தனை, சிந்து, கும்மி, தாலாட்டு என்று எத்தனை இசைவடிவங்கள் நம்மிடம் குவிந்துகிடக்கின்றன! சொந்த வீட்டுக் குதிரில் நெல் இருக்க, அடுத்த வீட்டுக்கு நாழி அரிசி கடன் கேட்டுப் போவானேன்?

ஞானப்பாட்டு எல்லாம் ஞானமானதா?

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். வார்த்தை பக்தியுள்ளதாக இருந்துவிட்டால் பாட்டு சர்வேசுரனுக்குப் பிரியமாகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஆமோஸ் தீர்க்கதரிசியின் காலத்தில் தேவாலயப் பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஏழைகளை ஒரு சோடிச் செருப்புக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள் பாடின அந்தப் பாட்டைக் கடவுள் இரைச்சல் என்று தள்ளி, நியாயத்தை ஆறுபோல் ஓடவிடச் சொன்னார். இஸ்ராயேலருக்குச் சொன்னது நமக்கில்லையா? இரவெல்லாம் ஒலிபெருக்கியை முழக்கி, அடுத்த தெருவில் காய்ச்சலோடு கிடக்கிறவனைத் தூங்கவிடாத மாதா பாட்டு யாருக்குத் தோத்திரம்? தன் குரலைப் பிறர் மெச்சவேண்டுமென்று சபையாரின் வாயை அடைத்துவிட்டு ஒருவரே இழுத்துப் பாடும் நன்மைப் பாட்டு யாருக்குக் காணிக்கை? திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் எந்தத் தெருவார் முன்னே பாடுவது, எந்தத் தெருவார் பின்னே பாடுவது என்று சாதி பார்த்துச் சண்டையிட்டுக்கொண்டு பாடின பிரார்த்தனை எந்த உயரத்துக்கு ஏறும்?

பறையைப் பற்றிய முணுமுணுப்புக்கும் இங்கேதான் பதில். ஒரு வாத்தியம் பூசைக்குப் பொருந்துமா, சத்தம் அடக்கமாக இருக்குமா, பாட்டின் வார்த்தை காதில் விழுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. நாகசுரத்தையும் கீபோர்டையும் கிட்டாரையும் பற்றியும் அப்படியே கேட்கவேண்டும். ஆனால், "அது இழவுக்கு அடிக்கிறது, அதை அடிக்கிறவர்கள் இன்னார்" என்று மூக்கைச் சுளிப்பதானால், நாம் சங்கீதத்தைப் பற்றிப் பேசவில்லை, மனிதரைப் பற்றிப் பேசுகிறோம். தோலை இழுத்துக் கட்டினது மிருதங்கமும்தான், பறையும்தான். ஒன்றைச் சபைக்கும் மற்றதைச் சுடுகாட்டுக்கும் அனுப்பினது சுருதி அல்ல, சாதி. இன்று எத்தனையோ பங்குகளில் காணிக்கைப் பவனிக்கு முன்னே பறை ஒலிக்கிறது. அடக்கத்தோடும் அனுமதியோடும் ஒலிக்குமிடத்தில், வெகு காலம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிரார்த்தனையும் அதனோடு உள்ளே வருகிறது என்று எண்ணிக் கேளுங்கள்.

வீட்டிலும் வேலையிலும்

கோவிலுக்கு வெளியே வந்தால் சட்டம் தளர்ந்து, மனச்சாட்சி பொறுப்பேற்கிறது. கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் ஏலேலோ என்று ஒரே மூச்சில் வலையை இழுப்பார்கள். அதிலே ஒரு அடி மாதாவைக் கூப்பிடும். அடுத்த அடி மாமன் மகளைக் கேலி செய்யும். அது ஞானப்பாட்டா, உலகப் பாட்டா? வியர்வையைச் சுகமாக்குகிற பாட்டு, பத்துப் பேர் கையை ஒன்றாக்குகிற பாட்டு. அதற்கு மேல் அதனிடம் என்ன கேட்கவேண்டும்? பிள்ளையைத் தூங்கவைக்கிற தாலாட்டும், இறந்தவரின் நற்குணத்தைச் சொல்லி அழுகிற ஒப்பாரியும், நாற்று நடுகிற பெண்களின் பாட்டும் அப்படியே. நேர்மையான வேலையும் நேர்மையான அன்பும் சர்வேசுரனுடையவை. அவைகளிலிருந்து பிறக்கிற பாட்டும் அவருக்கு அந்நியமல்ல.

இதற்கு நம்மவரில் ஒரு நல்ல மாதிரி மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள். 1826 முதல் 1889 வரை வாழ்ந்த கத்தோலிக்கர். தேவமாதாவின் பேரில் அந்தாதி பாடினவர் அவர். எந்தச் சமயத்தாரும் மனங்கோணாமல் பாடும்படி, 1878-ல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டவரும் அவரே. கர்நாடக சங்கீத மேடையில் அந்தக் கீர்த்தனைகள் இடம்பெற்றன. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடின சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவருக்கு நெருங்கிய நண்பர். மாதாவுக்குப் பாடியதால் தமிழ் மேடையை அவர் வெறுக்கவில்லை. மேடைக்குப் பாடியதால் மாதாவை மறக்கவுமில்லை. அதது அதனதன் இடத்தில் இருந்தது.

பாட்டு வகுப்புக்கு மகளை அனுப்பலாமா என்று கேட்கிற தாய்மாருக்கும் இதுவே என் பதில். சரளி வரிசைக்கும் இராகத்துக்கும் மதமில்லை. கலையைக் கற்கிறதற்காக ஒரு கீர்த்தனையைப் பாடம் பண்ணுவது ஆராதனை ஆகாது. ஆராதனை மனதின் செயல். அதை நாம் ஒரே சர்வேசுரனுக்குச் செலுத்துகிறோம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். விசுவசியாததை ஜெபமாகச் சொல்லவேண்டாம். பிறர் ஜெபமாகச் சொல்லுவதைப் பரிகாசம் பண்ணவும் வேண்டாம். குருவுக்கு மரியாதை செய்யட்டும். அங்கே கற்ற இராகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கீதத்தைப் பாடட்டும்.

சினிமாப் பாட்டுக்கும் மற்ற உலகப் பாட்டுக்கும் மூன்று கேள்விகள் போதும். முதலாவது: இந்தப் பாட்டு எதைப் புகழுகிறது? உண்மையான அன்பையா, பெண்ணை ஒரு பண்டமாக்கும் இச்சையையா? குடியையா, அடிதடியையா, சாதிப் பெருமையையா? இரண்டாவது: என் தாயும் என் பிள்ளையும் பக்கத்தில் இருக்க, கூசாமல் இதைக் கேட்பேனா? மூன்றாவது: கேட்டு முடித்தபின் நான் எப்படி இருக்கிறேன்? வேலைக்கும் வீட்டாருக்கும் ஜெபத்துக்கும் திரும்புகிறேனா, அல்லது கைப்பேசியைக் காதில் மாட்டிக்கொண்டு, கூப்பிடுகிற தாயின் குரலும் கேட்காதவனாகிவிட்டேனா? இந்த மூன்றிலும் தேறின பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள், சந்தோஷமாகப் பாடுங்கள், சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள். தேறாததை விட்டுவிடுங்கள். விடுகையில், அதைக் கேட்கிற அடுத்த வீட்டானைவிட நான் உத்தமன் என்ற எண்ணத்தையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

யார் சொல்லிக் கொடுத்தா?

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். நாலாம் நூற்றாண்டில், சீரியா தேசத்தாரின் எதேசா நகரத்தில் பதிதருடைய பாட்டுகள் வெகு இனிமையாயிருந்தன. ஜனங்கள் மெட்டுக்காக அவைகளைப் பாடி, மெட்டோடு தப்பறையையும் விழுங்கினார்கள். 373-ல் இறந்த அர்ச். எப்ரேம் அங்கே இருந்தார். பாடாதே என்று பிரசங்கம் பண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. அதே மெட்டுகளுக்கும் யாப்புகளுக்கும் சத்திய வேதப் பொருளுள்ள பாட்டுகளைத் தாமே கட்டினார்; கன்னிப்பெண்களைக் கூட்டி வைத்து அவைகளைப் பயிற்றுவித்தார். ஜனங்கள் தாங்களாகவே நல்ல பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இவரைத்தான் 1920-ல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார்.

எப்ரேம் செய்ததை நான் செய்யத் தவறினேன். ஆர்மோனியத்தை மூட எனக்குக் கை இருந்தது, அதைத் திறந்து, "தம்பி, உன் கை நல்ல கை. இந்தப் பாட்டைக் கொட்டகையிலே வை. இங்கே வாசிக்கிறதற்கு ஒன்று சொல்லித்தருகிறேன், உட்கார்" என்று சொல்ல மனம் இல்லை. ஐந்து நிமிஷம் செலவாகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து, ஒரு ஆத்துமத்தை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டேன்.

ஊதாரிப் பிள்ளையின் உவமையை வாசிக்கும்போதெல்லாம் ஒரு இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். இளையவன் திரும்பி வந்த அன்று தகப்பன் வீட்டிலே பாட்டும் ஆட்டமும் நடந்தன என்று நமது ஆண்டவரே சொல்லுகிறார். அது தேவாலயப் பாட்டு அல்ல. ஒரு தகப்பனுடைய சந்தோஷத்தின் பாட்டு. வயலிலிருந்து வந்த மூத்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்ளே போக மனமில்லாமல் வாசலிலே நின்றான். கட்டளை ஒன்றையும் மீறாதவன் அவன். ஆனால் தம்பியின்மேல் அன்பில்லாதவன். கோவிலுக்கு வெளியே நிற்பவன் அந்தப் பையன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். தகப்பன் வீட்டுப் பாட்டுக்கு வெளியே நின்றவன் நான் என்று பிறகு தெரிந்தது.

ஆகையால், பெற்றோர்களே, பிள்ளை கெட்ட பாட்டுப் பாடுகிறான் என்று அவனை அடிக்கிறதற்கு முன்னே, நல்ல பாட்டு எத்தனை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று எண்ணிப்பாருங்கள். இந்தத் திருநாளிலிருந்து இராச்செபம் முடிந்ததும், வாரத்துக்கு ஒரு நாளாவது வீட்டார் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கள். பாட்டியிடம் அவள் கேட்டு வளர்ந்த தாலாட்டையும் பழைய மாதா பாட்டையும் கேட்டு எழுதி வையுங்கள். அவளுக்குப் பின் அதை யாரிடம் கேட்பது? பாடகர் குழுவை நடத்துகிறவர்களே, சபையார் வாயைத் திறக்கும்படி பாடுங்கள். உங்கள் படிகளில் ஒரு சிறுவன் தயங்கி நின்றால், அவன் விரல்களைப் பாருங்கள். அவன் வாசிக்கிறது என்ன பாட்டு என்பதைப் பிறகு பார்க்கலாம்.

அர்ச். செசிலியம்மாளின் மன்றாட்டினால், கலியாண மேளத்துக்கு நடுவிலும் கரைவலைப் பாட்டுக்கு நடுவிலும் தம்மையே பாடுகிற இருதயத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களை உள்ளே அழைக்கிற மனதையும் தந்தருள்வாராக. ஆமென்.